தள்ளுபடி விலையில் மடிக்கணினி: பெரிய கடைக்குப் போகும் முன்பும் பில் போட்ட பின்பும் செய்ய வேண்டியவை

2025 செப்டம்பர் 22 அன்று சரக்கு மற்றும் சேவை வரி விகிதங்கள் மாறியபோது, ஏசிக்கும் 32 அங்குலத்துக்கு மேற்பட்ட தொலைக்காட்சிக்கும் வரி 28 சதவீதத்திலிருந்து 18 சதவீதத்துக்கு இறங்கியது. அந்த வாரத்தில் சென்னையில் நான் போயிருந்த ஒரு பெரிய மின்னணுக் கடையில் வாசலிலிருந்து மேல்தளம் வரை வரிக் குறைப்பைக் கொண்டாடும் பதாகைகள் தொங்கின. மடிக்கணினிகள் வரிசையாக நின்ற மேசைகளின் மேலும் அதே பதாகைதான். மடிக்கணினிக்கு அதற்கு முந்தைய நாளும் வரி 18 சதவீதம், மறுநாளும் 18 சதவீதம். ஆனாலும் அந்த மேசைகளைச் சுற்றி நின்ற கூட்டத்தில் பாதிப் பேர் வரி குறைந்ததால் விலை குறைந்திருக்கிறது என்று பேசிக்கொண்டிருந்தார்கள்.

பெரிய கடையில் மடிக்கணினியை மலிவாக வாங்குவது நடக்கக்கூடிய காரியமே. ஆனால் அந்த மலிவைப் பதாகையில் தேடக் கூடாது. பெட்டியின் பக்கவாட்டில் ஒட்டியிருக்கும் சிறிய தாளில், மாடல் எண்ணின் கடைசி நான்கைந்து எழுத்துகளில் தேட வேண்டும். கல்லூரிக்குப் போகும் பிள்ளைக்கோ, வீட்டிலிருந்து வேலை பார்ப்பவருக்கோ, சிறு கடைக் கணக்குக்கோ 35,000 முதல் 60,000 ரூபாய்க்குள் புதிய விண்டோஸ் மடிக்கணினி வாங்க எண்ணுகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். குரோமா, ரிலையன்ஸ் டிஜிட்டல், விவேக்ஸ், பூர்விகா, சத்யா போன்ற கிளைக் கடைகளுக்கு இது பொருந்தும். சென்னையில் மின்னணுச் சாமான் விற்கும் சிறு கடைகள் நிறைந்த ரிச்சி தெருவின் கணக்கு வேறு. அங்கே பேரமும் வேறு, ஆபத்தும் வேறு.

முதற்படி: வீட்டிலேயே இரண்டு எண்களை எழுதிக்கொள்ளுங்கள்

முதல் எண், எல்லாம் சேர்த்து நீங்கள் கொடுக்கக்கூடிய உச்சத் தொகை. பை, மவுஸ், கூடுதல் வாரண்டி, தவணைக் கட்டணம் ஆகிய அனைத்தும் அதற்குள் அடங்க வேண்டும். 45,000 ரூபாய் என்று மனத்தில் வைத்துக்கொண்டு போய் 53,000 ரூபாய்க்குப் பில் போட்டுக்கொண்டு வருகிறவர்களில் பலர் விலை உயர்ந்த மடிக்கணினியை வாங்கியவர்கள் அல்லர். 45,000 ரூபாய் மடிக்கணினியோடு 8,000 ரூபாய்க்குச் சில்லறைச் சாமான் வாங்கியவர்கள்.

இரண்டாவது, எதற்குக் கீழே இறங்கவே கூடாது என்ற கீழெல்லை. இன்றைய நிலையில் என் கணக்கு இது: 8 ஜிபி ரேம் (வேலை நடக்கும்போது தரவைத் தாங்கும் தற்காலிக நினைவகம்), அதுவும் பின்னால் கூட்ட இடமிருந்தால் மட்டும், கூட்ட இடமில்லையென்றால் 16 ஜிபி. கோப்புகளைச் சேமிக்க 512 ஜிபி எஸ்எஸ்டி. 1920க்கு 1080 புள்ளிகள் கொண்ட, பக்கவாட்டில் பார்த்தாலும் நிறம் மாறாத ஐபிஎஸ் வகைத் திரை. சேமிப்புக்கு மட்டும் ஒரு விலக்கு உண்டு, அதைப் பின்னால் சொல்கிறேன்; மற்றவற்றில் ஒன்று குறைந்தாலும், விலைச்சீட்டில் எத்தனை சதவீதத் தள்ளுபடி எழுதியிருந்தாலும், அந்த இயந்திரத்தைத் தாண்டி நடந்துவிடுங்கள். 4 ஜிபி ரேமில் விண்டோஸ் 11 ஓடும் என்பது மைக்ரோசாஃப்ட் அறிவித்த குறைந்தபட்சத் தகுதி. உலாவியில் பத்துத் தாவல்களைத் திறந்து வைத்துக்கொண்டு ஒரு காணொளி வகுப்பில் உட்காரும் மாணவருக்கு அது போதாது.

காலம் பார்த்துப் போவது

மடிக்கணினிச் சந்தைக்கு ஒரு பருவம் உண்டு. ஆண்டுதோறும் ஜனவரி மாதத்தில் லாஸ் வேகாஸில் நடக்கும் நுகர்வோர் மின்னணுக் கண்காட்சியையொட்டி இன்டெல், ஏஎம்டி நிறுவனங்கள் கணினியின் மூளையான பிராசசர்களில் புதியவற்றை அறிவிக்கின்றன. அவை பொருத்தப்பட்ட மடிக்கணினிகள் அடுத்த சில மாதங்களில் நம் கடைகளுக்கு வந்து சேரும்போது, போன ஆண்டின் மாடல்களை அலமாரியிலிருந்து வெளியேற்றியாக வேண்டும். கல்லூரிச் சேர்க்கையும் ஆடித் தள்ளுபடியும் ஒட்டி வரும் ஜூன் முதல் ஆகஸ்டு நடுப்பகுதி வரையிலான காலத்தில் இந்த வெளியேற்றம் மும்முரமாக நடக்கும். சுதந்திர தினம், தீபாவளி, ஆண்டிறுதி, குடியரசு தினம் ஆகியவை மற்ற வாய்ப்புகள்.

பண்டிகைக் காலத்தில் வங்கிச் சலுகை பெரிதாக இருக்கும். ஆனால் கூட்டம் மிகுந்திருப்பதால் பேரமும் இருக்காது, பெட்டியைத் திறந்து நிதானமாகச் சோதிக்க நேரமும் கிடைக்காது. மாதக் கடைசி வாரத்தில், வேலைநாள் ஒன்றின் முற்பகலில் போவதையே நான் விரும்புவேன். விற்பனையாளருக்கு மாத இலக்கு இருக்கும், மேலாளருக்குப் பேச நேரமும் இருக்கும்.

காத்திருந்தால் விலை எப்போதும் இறங்கும் என்றும் எண்ணிவிட வேண்டாம். 2025 இறுதியில் ரேமுக்கும் எஸ்எஸ்டிக்கும் தேவைப்படும் மெமரி சிப்களின் விலை உலகெங்கும் ஏறியது. செயற்கை நுண்ணறிவுத் தரவு மையங்கள் அவற்றை அள்ளிக்கொண்டதே முதன்மைக் காரணம். இப்படிப்பட்ட நேரங்களில், விலையுயர்வுக்கு முன்பே கடைக்கு வந்து சேர்ந்துவிட்ட பழைய சரக்குதான் உண்மையான மலிவு. ‘இப்போது 8 ஜிபி வாங்கிக்கொள்ளலாம், பிறகு கூட்டிக்கொள்ளலாம்’ என்ற வழக்கமான அறிவுரையையும் அந்த நாள் ரேம் விலையைக் கேட்டுவிட்டே ஏற்க வேண்டும்.

மாடல் எண்ணைப் படிக்கக் கற்றுக்கொள்வது

இந்தப் படியில் ஒரு மாலைப் பொழுதைச் செலவிடுவது நல்லது. கடையில் கண்ணில் படும் பெயர், குடும்பப் பெயர் மட்டுமே. ஒரே குடும்பப் பெயரில் ஒரு நிறுவனம் இருபது வகை மடிக்கணினிகளை விற்கும். ஒன்றில் திரை மங்கலாக இருக்கும், இன்னொன்றில் ரேம் பாதியாக இருக்கும், மூன்றாவதில் பிராசசர் இரண்டு தலைமுறை பின்தங்கியிருக்கும். அவற்றைப் பிரித்துக் காட்டுவது, பெயருக்குப் பின்னால் வரும் நீண்ட எண்ணும் எழுத்தும் கலந்த குறியீடுதான்.

என் அண்ணன் மகள் கல்லூரியில் சேர்ந்த ஆண்டு, ஒரு பெரிய கடையில் விலைச்சீட்டில் கண்ட மாடலைத் தேர்ந்தெடுத்து, பணம் கட்டும் மேசைவரை போய்விட்டோம். பெட்டி வந்தது. நிறமும் பெயரும் அதேதான், விலையும் அதேதான். குறியீட்டின் கடைசி மூன்று எழுத்துகள் மட்டும் வேறு. கைப்பேசியில் அந்தக் குறியீட்டைத் தேடியபோது, மேசையில் பார்த்ததில் 16 ஜிபி ரேம், பெட்டிக்குள் இருப்பதில் 8 ஜிபி என்று தெரிந்தது. விற்பனையாளர் ஏமாற்ற நினைத்தார் என்று நான் சொல்ல மாட்டேன், அவருக்கே தெரிந்திருக்கவில்லை. அவர் கிடங்கில் குடும்பப் பெயரைச் சொல்லிக் கேட்டிருக்கிறார், கிடங்குக்காரர் கைக்கெட்டியதை எடுத்துக் கொடுத்திருக்கிறார்.

பிராசசரின் பெயரையும் எழுத்தெழுத்தாகப் படிக்க வேண்டும். ஏஎம்டியின் ரைசன் 7000 வரிசை மடிக்கணினிப் பிராசசர்களில் மூன்றாம் இலக்கம்தான் உள்ளே இருக்கும் வடிவமைப்பைக் காட்டும். ‘ரைசன் 5 7520யூ’ என்பதில் மூன்றாம் இலக்கம் 2. அது 2019இல் அறிமுகமான ஸென் 2 வடிவமைப்பு, நான்கு கோர்கள், அதாவது தனித்தனியே வேலை செய்யும் நான்கு அலகுகள், கொண்டது. ‘ரைசன் 5 7530யூ’ என்பதில் மூன்றாம் இலக்கம் 3. அது ஸென் 3, ஆறு கோர்கள் கொண்டது. இரண்டுமே ‘ரைசன் 5, 7000 வரிசை’ என்று ஒரே மாதிரியாக விலைச்சீட்டில் எழுதப்படும். பத்து என்ற ஒரு வேறுபாட்டில் இரண்டு கோர்களும் ஒரு தலைமுறையும் போய்விடுகின்றன. 7520யூ பொருத்தப்பட்ட மடிக்கணினிகளில் ரேம் உள்ளிருக்கும் தாய்ப்பலகையோடு சேர்த்துப் பற்றவைக்கப்பட்டிருக்கும் என்பதால், 8 ஜிபி வாங்கினால் கடைசிவரை 8 ஜிபிதான்.

இன்டெலில் வேறொரு குழப்பம். ‘ஐ5-1235யூ’ என்பதில் முதல் இரண்டு இலக்கங்கள் பன்னிரண்டாம் தலைமுறை என்று சொல்லும்; கடைசி எழுத்து யூ என்றால் மின்சாரத்தைச் சிக்கனமாகச் செலவிடுவது, எச் என்றால் வேகம் கூடியது, பேட்டரியையும் வேகமாகத் தின்பது. பின்னர் இன்டெல் அந்த ‘ஐ’ எழுத்தையே கைவிட்டு, 2024 முதல் ‘கோர் 5 120யூ’, ‘கோர் 3 100யூ’ என்று பெயரிடத் தொடங்கியது. பெயர் புதிதே தவிர, இவற்றின் உட்புறம் பதின்மூன்றாம் தலைமுறையின் குடும்பத்தைச் சேர்ந்ததுதான். ஆகவே ‘புது சீரிஸ் சார்’ என்று 7,000 ரூபாய் கூடுதலாகக் கேட்டால், பக்கத்து மேசையில் இருக்கும் பதின்மூன்றாம் தலைமுறை ஐ5 என்ன விலை என்று கேளுங்கள். அன்றாட வேலையில் வேறுபாட்டை நீங்கள் உணரப்போவதில்லை. தள்ளுபடியில் பதுங்கியிருக்கும் நல்ல பேரங்கள் பெரும்பாலும் இவைதாம்: போன ஆண்டின் நடுத்தரப் பிராசசர், இந்த ஆண்டின் கடைநிலைப் பிராசசரின் விலையில்.

கடைநிலை என்று நான் சொல்வது, ‘இன்டெல் பிராசசர் என்100’ போன்ற, முன்பு செலரான், பென்டியம் என்று அழைக்கப்பட்டவற்றின் வாரிசுகளை. தட்டச்சுக்கும் பாட்டுக் கேட்பதற்கும் அவை போதும். நான்கு ஆண்டுப் பொறியியல் படிப்புக்கு அவற்றை வாங்கித் தருவது சிக்கனமாகாது.

ரேமும் சேமிப்பும்

ரேமில் அளவோடு இன்னொன்றையும் கேட்க வேண்டும்: அது பலகையில் பற்றவைக்கப்பட்டதா, கழற்றி மாட்டக்கூடியதா? காலியாக இன்னொரு இடம் இருக்கிறதா? விற்பனையாளர் சொல்வதை நம்ப வேண்டியதில்லை. காட்சிக்கு வைத்திருக்கும் இயந்திரத்தில் கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் ஆகிய மூன்று விசைகளையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் திறக்கும். அதில் செயல்திறன் பகுதியில் மெமரி என்பதைத் தொட்டால் ரேமின் வேகமும், எத்தனை இடங்களில் எத்தனை நிரம்பியிருக்கின்றன என்பதும், அதன் வடிவமும் தெரியும். வடிவம் ‘சோடிம்’ என்றிருந்தால் கழற்றலாம். ‘ரோ ஆஃப் சிப்ஸ்’ என்றிருந்தால் பற்றவைத்தது. ஒரே ஒரு 8 ஜிபி துண்டோடு வரும் மடிக்கணினியில் இரண்டாவது துண்டைச் சேர்க்கும்போது அளவு கூடுவதோடு, இரு வழிகளில் தரவு பாய்வதால் உள்ளமைந்த கிராஃபிக்ஸின் வேகமும் கண்ணுக்குத் தெரியும்படி உயரும்.

சேமிப்பைப் பொறுத்தவரை, இஎம்எம்சி என்ற சொல்லைக் கண்டால் விலகிவிடுங்கள். அது மலிவுக் கைப்பேசிகளில் இருக்கும் வகை, பலகையிலிருந்து எடுக்கவும் முடியாது. வேகம் கூடிய என்விஎம்இ வகை எஸ்எஸ்டி இருக்க வேண்டும். 512க்குப் பதிலாக 256 ஜிபி என்பது மற்றெல்லாம் நன்றாக அமைந்த மடிக்கணினியில் மட்டும் பொறுத்துக்கொள்ளத்தக்க குறை.

திரை: கடைவிளக்கு சொல்லாதது

காட்சி மேசையில் ஓடும் காணொளி, கடல், கிளி, பழக்கூடை என்று நிறம் சொட்டச் சொட்டத் தேர்ந்தெடுக்கப்பட்டது. அதை நிறுத்துங்கள். வெள்ளைப் பக்கம் ஒன்றைத் திறந்து, தமிழ்ச் செய்தி ஏதாவது ஒன்றைச் சிறிய எழுத்தில் வையுங்கள். 15.6 அங்குலத்தில் 1366க்கு 768 புள்ளிகள் மட்டுமே கொண்ட திரையில் மெய்யெழுத்தின் புள்ளி எழுத்தோடு ஒட்டிக்கொண்டு நிற்கும்; ண, ன, ணை, னை ஆகியவற்றைப் பிரித்துப் படிக்கக் கண் சுருங்கும். தமிழில் நாள் முழுவதும் படித்து எழுதுகிறவருக்கு இதைவிட நல்ல சோதனை கிடையாது. பிறகு திரையைச் சற்றே பின்னால் சாய்த்தும் பக்கவாட்டில் நின்றும் பாருங்கள். வெள்ளை மஞ்சளாகவோ, கருப்பு சாம்பலாகவோ மாறினால் அது பழைய டிஎன் வகைத் திரை.

இந்த விலையில் வருபவை பெரும்பாலும் நிற வீச்சில் ‘45 சதவீத என்டிஎஸ்சி’, ஒளியில் ‘250 நிட்ஸ்’ என்ற அளவில்தான் இருக்கும். கணக்குக்கும் கட்டுரைக்கும் அது போதும். நிழற்படம் திருத்துபவரும், வரைகலை படிக்கும் மாணவரும் நிறங்களை இன்னும் முழுமையாகக் காட்டும், ‘100 சதவீத எஸ்ஆர்ஜிபி’ என்று எழுதியிருக்கும் மாடலைத் தேடி, அதற்காகப் பிராசசரில் ஒரு படி இறங்கினாலும் தவறில்லை என்பது என் கருத்து.

கடைக்குள்: யார் யாருடைய ஆள்

மடிக்கணினிப் பிரிவில் உங்களிடம் வந்து பேசுகிறவர்களில் பலர் கடையின் ஊழியர்கள் அல்லர். ஒவ்வொரு நிறுவனமும் தன் பொருளை விற்கத் தானே அமர்த்திய பிரமோட்டர்கள். சட்டையில் இருக்கும் சின்னத்தைப் பாருங்கள். அவர் மற்ற நிறுவனத்தின் மாடலைப் பரிந்துரைக்க மாட்டார் என்பதில் குற்றம் ஏதுமில்லை, அது அவருடைய வேலை. ஆனால் தம் நிறுவனத்தின் மாடல்களுக்குள் வேறுபாட்டைக் கேட்டால் அவரைவிட நன்றாகச் சொல்லக்கூடியவர் கடையில் இருக்க மாட்டார். ஆகவே ‘எது நல்லது?’ என்று கேட்காதீர்கள். ‘உங்கள் நிறுவனத்தில் ரேம் கூட்டக்கூடியதாக, 50,000 ரூபாய்க்குள், எந்த மாடல் எண் கையிருப்பில் இருக்கிறது?’ என்று கேளுங்கள்.

அதோடு கைவைத்துப் பாருங்கள். விசைப்பலகையில் இரண்டு வரி தட்டச்சு செய்யுங்கள்; நடுப்பகுதி அமுங்குகிறதா என்று கவனியுங்கள். மூடியை ஒரு கையால் திறந்து பாருங்கள். கீல் இறுகி, அடிப்பாகம் சேர்ந்து எழும்பினால் இரண்டாம் ஆண்டில் அந்த மூலையில் விரிசல் காணும் வாய்ப்பு அதிகம். டைப்-சி துளை இருந்தால் அது சார்ஜ் ஏற்றுமா, வெளித்திரைக்குப் படம் அனுப்புமா, தரவு மட்டுமா என்று கேட்டுக்கொள்ளுங்கள். துளையின் வடிவம் ஒன்றுதான். வேலை மூன்று வகை.

டிஸ்ப்ளே பீஸ்: எப்போது வாங்கலாம்

காட்சிக்கு வைத்த மடிக்கணினியை விலை குறைத்துத் தருவது பெரிய கடைகளில் வழக்கம். சிலர் இதைத் தீண்டவே கூடாது என்பார்கள். நான் அப்படிச் சொல்ல மாட்டேன். அலமாரியில் கடைசியாக நிற்கும் ஒரு நல்ல மாடல், புதுப்பெட்டியின் விலையைவிடக் குறைந்தது 15 சதவீதம் தாழ்ந்து கிடைத்தால், கீழ்வரும் சோதனைகளில் தேறினால், வாங்கலாம். ஐந்து சதவீதம்தான் குறைப்போம் என்றால் புதுப்பெட்டியையே வாங்கிவிடுங்கள்.

முதற்சோதனை பேட்டரி. காட்சி இயந்திரம் மாதக்கணக்கில் காலை முதல் இரவு வரை சார்ஜரில் தொங்கியிருக்கும். முழுச் சார்ஜில், சூட்டில் கிடப்பது லித்தியம் பேட்டரிக்கு ஆகாது. கட்டளைத் திரையை (கமாண்ட் ப்ராம்ப்ட்) திறந்து, ‘பவர்சிஎஃப்ஜி’ என்பதன் ஆங்கில எழுத்துகளை ஒட்டி எழுதி, ஓர் இடைவெளியும் சாய்கோடும் இட்டு, ‘பேட்டரிரிப்போர்ட்’ என்பதையும் ஆங்கிலத்தில் ஒட்டி எழுதிச் செலுத்தினால் ஓர் அறிக்கை உருவாகும். அதில் பேட்டரியின் வடிவமைப்புக் கொள்ளளவும், இப்போது முழுச் சார்ஜில் நிற்கும் கொள்ளளவும் அடுத்தடுத்து இருக்கும். இரண்டாவது எண் முதலாவதில் 90 சதவீதத்துக்குக் கீழே இருந்தால், புதிய பேட்டரியின் விலையைப் பேரத்தில் கழித்துக் கேளுங்கள். இந்தக் கட்டளையைத் தட்டுவதைப் பார்த்ததுமே பேச்சின் தொனி மாறுவதை நான் பார்த்திருக்கிறேன்.

இரண்டாவது, வாரண்டி. இயந்திரத்தின் அடியில் இருக்கும் வரிசை எண்ணை நிறுவனத்தின் இணையதளத்தில் இட்டு, வாரண்டி எந்த நாளிலிருந்து ஓடத் தொடங்கியிருக்கிறது என்று கடையிலேயே பாருங்கள். முன்பே தொடங்கியிருந்தால், உங்கள் பில் தேதியிலிருந்து மாற்றித் தருவதாகக் கடைக்காரர் வாய்மொழியாகச் சொல்வது போதாது, எழுத்தில் கேளுங்கள். மூன்றாவது, ஆஃபீஸ் மென்பொருள். பல மடிக்கணினிகளோடு வரும் வாழ்நாள் உரிமத்தை, விண்டோஸை முதலில் இயக்கிய நாளிலிருந்து ஏறத்தாழ ஆறு மாதங்களுக்குள் உங்கள் கணக்கில் சேர்த்துக்கொள்ள வேண்டும். ஓராண்டாக மேசையில் இருந்த இயந்திரத்தில் அந்த உரிமை காலாவதியாகியிருக்கக்கூடும், ஆனால் விலைச்சீட்டில் ‘ஆஃபீஸ் இலவசம்’ என்பது அழியாமல் இருக்கும்.

இவை தேறினால், கடையின் விளம்பரக் கணக்கு அகன்று இயந்திரம் புதிதாகத் தொடங்கும்படி உங்கள் கண்முன் முழு மீட்டமைப்புச் செய்யச் சொல்லுங்கள். பில்லில் ‘டிஸ்ப்ளே பீஸ்’ என்று எழுதப்பட்டிருக்கிறதா என்பதையும் பாருங்கள். எழுதாமல் விடுவது உங்களுக்கு நன்மை என்று தோன்றலாம். ஆனால் பிறகு எழும் எந்த வழக்கிலும், என்ன நிலையில் எதை வாங்கினீர்கள் என்பது தெளிவாக இருப்பதே நல்லது.

விலை பேசுவது

அதிகபட்சச் சில்லறை விலை என்று பெட்டியில் அச்சாகியிருப்பது, யாரும் அந்த விலைக்கு விற்காத ஒரு தொகை. எல்லா வரிகளும் அதில் அடக்கம், அதற்கு மேல் விற்பது சட்டவிரோதம். அந்த எண்ணுக்கு இருக்கும் பயன் அவ்வளவுதான். அதிலிருந்து 35 சதவீதத் தள்ளுபடி என்பதற்குப் பொருளே இல்லை. நீங்கள் ஒப்பிட வேண்டியது, அதே மாடல் எண் அன்று அமேசானிலும் ஃபிளிப்கார்ட்டிலும், தயாரிப்பு நிறுவனத்தின் சொந்த இணையதளத்திலும், அதே கடையின் இணையதளத்திலும் என்ன விலை என்பதை. கடைசியாகச் சொன்னதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். தன் சொந்தத் தளத்தில் 2,000 ரூபாய் குறைத்துப் போட்டிருக்கும் கடை, அதைக் கைப்பேசியில் காட்டினால் மறுத்துப் பேசுவது கடினம். பிரமோட்டரிடம் வாதாட வேண்டாம், அவருக்கு அந்த அதிகாரம் இல்லை. தளப் பொறுப்பாளரையோ மேலாளரையோ கேளுங்கள்.

விலை இறங்காத இடத்தில் பொருளாகக் கேட்கலாம். ஒரு 8 ஜிபி ரேம் துண்டு, நல்ல பை, ஓராண்டுக்கான நிறுவன வாரண்டி நீட்டிப்பு என்று ஒன்றைக் குறிப்பிட்டுக் கேட்டால் கிடைக்க வாய்ப்புண்டு. பொதுவாக ‘ஏதாவது போட்டுக் கொடுங்கள்’ என்றால் மவுஸ் பேடு வரும்.

வங்கிச் சலுகையை வரிவரியாகப் படியுங்கள். 4,000 ரூபாய் கேஷ்பேக் என்பது பல நேரம் தவணையில் வாங்கினால் மட்டும், குறிப்பிட்ட வங்கியின் கிரெடிட் கார்டுக்கு மட்டும், ஒரு குறைந்தபட்சத் தொகைக்கு மேல் மட்டும் கிடைக்கும். உடனே கழியுமா, இரண்டு மூன்று மாதம் கழித்துக் கணக்கில் வருமா என்பதும் வேறுபடும்.

‘வட்டியில்லாத் தவணை’ பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். கிரெடிட் கார்டில் வட்டியே இல்லாததுபோலக் காட்டும் திட்டங்களை ரிசர்வ் வங்கி 2013இலேயே கண்டித்துத் தடுத்தது. இப்போது நடப்பது, வட்டிக்கு ஈடான தொகையை விலையில் முன்னரே கழித்துவிட்டு, பிறகு வட்டியை வாங்குவது. 50,000 ரூபாய் மடிக்கணினியை ஆறு மாதத் தவணையில், ஆண்டுக்கு 16 சதவீத வட்டியில் வாங்குவதாக வைத்துக்கொள்வோம். வட்டி ஏறத்தாழ 2,250 ரூபாய். அது உங்களுக்குக் கழிவாகத் திரும்பிவிடுகிறது. ஆனால் அந்த வட்டியின் மீது விதிக்கப்படும் 18 சதவீத வரி, ஏறத்தாழ 405 ரூபாய், திரும்புவதில்லை. பிராசசிங் ஃபீ 199 ரூபாய் என்றால், வரியோடு 235 ரூபாய். ஆக 640 ரூபாய் செலவு. கேஷ்பேக் 4,000 ரூபாய் வருமானால் இது நல்ல பேரமே. கேஷ்பேக் இல்லையென்றால், ஒரே தடவையில் கட்டுகிறேன், அந்த 2,250 ரூபாயைக் குறைத்துக் கொடுங்கள் என்று கேட்டுப் பார்க்கலாம்.

பழைய மடிக்கணினியை எக்ஸ்சேஞ்சில் போட எண்ணினால், எஸ்எஸ்டியையோ ஹார்டு டிஸ்க்கையோ கழற்றிவிட்டுக் கொடுத்தால் எவ்வளவு குறையும் என்று முதலில் கேளுங்கள். பல நேரம் அந்தக் குறைவு, உள்ளே இருக்கும் வங்கிக் கணக்கு விவரங்களின் மதிப்புக்கு முன்னால் ஒன்றுமே இல்லை. 2011 முதல் அரசுப் பள்ளியில் வாங்கிய விலையில்லா மடிக்கணினி இன்னும் ஓடிக்கொண்டிருக்கும் வீடுகள் உண்டு. அவற்றுக்கு எக்ஸ்சேஞ்சில் விலை கிடைக்காது. விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் இயங்குதளத்தின் இலகுவான வகை ஒன்றை ஏற்றி, தம்பி தங்கை தட்டச்சுப் பழக வைத்துக்கொள்ளலாம்.

பில் போடும் மேசையில்

பணம் செலுத்தும் முன் பெட்டியை வரவழைத்து, பக்கவாட்டுத் தாளைப் படியுங்கள். மாடல் எண் நீங்கள் எழுதி வைத்ததோடு கடைசி எழுத்துவரை ஒத்துப்போக வேண்டும். தயாரித்த அல்லது இறக்குமதி செய்த மாதமும் ஆண்டும் அதில் அச்சாகியிருக்க வேண்டும் என்பது சட்ட அளவையியல் விதி. ஒன்றரை ஆண்டுக்கு முந்தைய பெட்டி என்றால் வாங்கக் கூடாது என்பதில்லை. பேட்டரி அவ்வளவு காலம் சும்மா கிடந்திருக்கிறது என்பதை விலையில் பேசிக்கொள்ளலாம்.

தொழில் நடத்தி, வரிப் பதிவு எண் வைத்திருப்பவர்கள் அதைப் பில் போடும் முன்பே கொடுக்க வேண்டும். 59,000 ரூபாய் மடிக்கணினியில் 9,000 ரூபாய் வரி. தொழிலுக்காக வாங்கியதென்றால் தகுதியுள்ளவர்கள் அதை உள்ளீட்டு வரிக் கழிவாகப் பெறலாம். எந்த ஆடித் தள்ளுபடியும் இவ்வளவு தராது. பில் போட்ட பிறகு எண்ணைச் சேர்க்கச் சொன்னால் அலைய வேண்டியிருக்கும்.

இந்த மேசையில்தான் கடைசிநேரச் சேர்க்கைகள் வரும்: வைரஸ் தடுப்பு மென்பொருள், திரைப் பாதுகாப்பு உறை, கடையின் சொந்த வாரண்டி. விண்டோஸோடு வரும் டிஃபெண்டர் சாதாரணப் பயன்பாட்டுக்குப் போதும். தமிழில் தட்டச்சு செய்யத் தனி மென்பொருளுக்குப் பணம் கொடுக்க வேண்டாம். தமிழ்99 விசைப்பலகை விண்டோஸின் அமைப்புகளிலேயே இருக்கிறது. கூடுதல் வாரண்டி வேண்டுமென்றால் தயாரிப்பு நிறுவனத்திடமிருந்தே வாங்குங்கள். பிள்ளை பேருந்தில் தூக்கிக்கொண்டு அலையப்போகிற மடிக்கணினிக்கு, கீழே விழுதலையும் நீர் சிந்துதலையும் ஈடுகட்டும் விபத்துப் பாதுகாப்பு, மூன்றாமாண்டு வாரண்டியைவிடப் பயன்தரும் என்றே எண்ணுகிறேன்.

பெட்டியைத் திறப்பது

கடையிலேயே திறக்கச் சொல்லுங்கள், முத்திரை உடைவதிலிருந்து கைப்பேசியில் தொடர்ச்சியாகப் படம்பிடியுங்கள். பெட்டியிலும் இயந்திரத்தின் அடியிலும் பில்லிலும் வரிசை எண் ஒன்றாக இருக்க வேண்டும். இயந்திரத்தை ஓடவிட்டு, திரையில் முழு வெள்ளை, முழுக் கருப்புப் பக்கங்களை வைத்து இறந்த புள்ளிகள் இருக்கின்றனவா என்று பாருங்கள். கேமரா, ஒலிபெருக்கி, ஒவ்வொரு யுஎஸ்பி துளை, வைஃபை ஆகியவற்றைச் சோதிக்கப் பதினைந்து நிமிடம் ஆகும். விண்டோஸ் ‘எஸ் மோடு’ என்ற கட்டுப்படுத்தப்பட்ட நிலையில் இருந்தால், மைக்ரோசாஃப்ட் ஸ்டோரிலிருந்து கட்டணமின்றி வெளியேறலாம். அதற்குக் கடையில் யாரும் பணம் கேட்டால் கொடுக்க வேண்டாம்.

வீட்டுக்கு வந்ததும் முதல் வாரத்தில் கடுமையாகப் பயன்படுத்துங்கள்: பேட்டரியை ஒருமுறை முழுதாக இறக்கி ஏற்றுங்கள், நீண்ட காணொளி அழைப்பு ஒன்றில் இருங்கள், ஆஃபீஸ் உரிமத்தைச் சேர்த்துக்கொள்ளுங்கள், நிறுவனத் தளத்தில் வாரண்டித் தேதியைச் சரிபாருங்கள். வாங்கிய சில நாட்களுக்குள் வெளிப்படும் பழுதுக்கு இயந்திரத்தையே மாற்றித் தரும் முறை பல நிறுவனங்களில் உண்டு. அந்தக் காலக்கெடுவைப் பில் போடும்போதே கேட்டு வைத்திருக்க வேண்டும்.

பழுது இருந்தும் கடை கைவிரித்தால், ‘விற்ற பொருள் திரும்பப் பெறப்பட மாட்டாது’ என்று பில்லில் அச்சிட்டிருப்பதைக் கண்டு தளர வேண்டாம். 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, குறைபாடுள்ள பொருளைப் பில்லில் குறித்த காலத்துக்குள், அப்படிக் காலம் எதுவும் குறிக்காவிட்டால் 30 நாட்களுக்குள், திரும்பப் பெற மறுப்பது நேர்மையற்ற வணிக நடைமுறை. முதலில் கடைக்கும் நிறுவனத்துக்கும் மின்னஞ்சல் அனுப்புங்கள்; தொலைபேசிப் பேச்சு சான்றாக நிற்பதில்லை. அடுத்து 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதியலாம். அங்கும் தீராவிட்டால், நீங்கள் வசிக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் குறைதீர் ஆணையத்திலேயே வழக்குத் தொடரலாம். கடை இருக்கும் ஊருக்குப் போக வேண்டியதில்லை. ஐந்து லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்கு வழக்குக் கட்டணம் கிடையாது, கால வரம்பு இரண்டு ஆண்டுகள்.

அதற்கெல்லாம் பில் வேண்டும். பல கடைகளில் பில் வெப்பத்தாளில் அச்சாகிறது. பைக்குள்ளும் அலமாரியிலும் கிடந்து சில மாதங்களில் வெளுத்து வெற்றுத்தாளாகிவிடும். வாங்கிய அன்றே அதைப் படமெடுத்து, பெட்டியின் பக்கவாட்டுத் தாளையும் சேர்த்துப் படமெடுத்து, உங்கள் மின்னஞ்சலுக்கே அனுப்பி வைத்துக்கொள்ளுங்கள். பெட்டியையும் மாற்றித் தரும் காலக்கெடு முடியும்வரை பரண்மேல் போட்டு வைத்திருங்கள்.